மலாய் ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாவது எப்படி? முத்திரைகளும் மொழிபெயர்ப்பும்

பிறப்புப் பத்திரத்தின் நகலில் ஊதா நிற முத்திரை பளிச்சென்று இருக்கிறது. கூடவே ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்கிறது. அப்படியிருந்தும் "மொழிபெயர்ப்புக்குச் சான்று இல்லை" என்ற குறிப்போடு விண்ணப்பம் திரும்பி வருகிறது. மலேசியாவிலிருந்து படிப்புக்கோ வேலைக்கோ குடியேறவோ புறப்படும் குடும்பங்களுக்கு இது பழகிப்போன தலைவலி. முத்திரைதான் இருந்ததே என்று கேட்டால், இருந்தது உண்மைதான். ஆனால், நகல் அசலோடு ஒத்துப்போகிறது என்பதை மட்டுமே அது சொன்னது. மொழிபெயர்ப்பு சரியா தவறா என்பது பற்றி அது வாயே திறக்கவில்லை.

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. "அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பு" என்பதற்கு எல்லா நாடுகளுக்கும் பொதுவான பொருள் கிடையாது. ஆவணத்தைப் பெறுகிற நாடு, சில வேளைகளில் பெறுகிற அலுவலகம், எதை ஏற்றுக்கொள்கிறதோ அதுவே அங்கே அதிகாரபூர்வம். கோலாலம்பூரில் எவ்வளவு பெரிய முத்திரை குத்தி வாங்கினாலும் எதிர்முனை கேட்டது அதுவல்ல என்றால் கட்டிய பணம் வீண்.

எந்த ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பு தேவை?

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 152-ஆவது பிரிவு மலாய் மொழியைத் தேசிய மொழியாக வைக்கிறது. தேசிய மொழிச் சட்டம் 1967 செப்டம்பர் 1 அன்று நடப்புக்கு வந்த பிறகு அரசு அலுவல்கள் படிப்படியாக மலாய்க்கு மாறின. எனவே ஒரே வீட்டில் தாத்தாவின் பிறப்புப் பத்திரம் பிரிட்டிஷ் காலத்து ஆங்கிலத்திலும், பேரனுடையது மலாயிலும் இருப்பது சாதாரணம். தாத்தாவுடையதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம், பேரனுடையதற்கு வேண்டும்.

பொதுவாகக் கேட்கப்படுபவை, தேசியப் பதிவு இலாகா வழங்கும் பிறப்பு, திருமண, இறப்புப் பத்திரங்கள், இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மின் சான்றிதழ், பள்ளி விடுப்புச் சான்றிதழ், நீதிமன்ற உத்தரவுகள் ஆகியவை. பட்டச் சான்றிதழுக்கு மட்டும் ஒரு சொல் முன்கூட்டியே சொல்ல வேண்டும்: பல்கலைக்கழகமே ஆங்கிலப் படியோ ஆங்கில மதிப்பெண் பட்டியலோ தருமா என்று முதலில் கேட்டுவிடுங்கள். ஆவணத்தை வழங்கிய நிறுவனமே ஆங்கிலத்தில் தந்தால் அது மொழிபெயர்ப்பு ஆகாது, அதுவும் அசல்தான். எந்த மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்தும் அதற்கு ஈடாகாது.

நான்கு முத்திரைகள், நான்கு வேலைகள்

கடிதத்தில் "சான்றளிக்கப்பட்ட" என்ற சொல்லைப் பார்த்ததும் ஓடுவதற்கு முன், எது சான்றளிக்கப்பட வேண்டும் என்று பார்க்க வேண்டும். நான்கு வெவ்வேறு செயல்கள் ஒரே சொல்லுக்குள் ஒளிந்திருக்கின்றன.

1. சான்றளித்த நகல். மலாயில் "சாலினான் டியாக்குய் சா". நகல் அசலைப் போலவே இருக்கிறது என்று ஒருவர் கையெழுத்திடுகிறார், அவ்வளவுதான். சத்தியப் பிரமாண ஆணையர் இதற்கு முத்திரை குத்தித் தருவது உள்ளூரில் வழக்கம். வெளிநாட்டில் பல அலுவலகங்களுக்குச் சத்தியப் பிரமாண ஆணையர் என்ற பதவியே புரியாது.

2. சான்றளித்த மொழிபெயர்ப்பு. மொழிபெயர்த்தவரோ நிறுவனமோ, "இது முழுமையானது, துல்லியமானது" என்று பெயர், கையெழுத்து, தேதியோடு பொறுப்பேற்பது. பெரும்பாலான விசா அலுவலகங்கள் கேட்பது இதைத்தான்.

3. நோட்டரியின் உறுதிமொழி. மலேசியாவில் நோட்டரி என்பவர் 1959-ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டத்தின் கீழ் சட்டத்துறைத் தலைவரால் நியமிக்கப்படும் வழக்கறிஞர். மொழிபெயர்ப்பாளர் தம் முன்னிலையில் கையெழுத்திட்டார் என்பதற்கு அவர் சாட்சி. மலாய் வரியையும் ஆங்கில வரியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் வேலை அல்ல. நோட்டரி முத்திரை இருந்தால் மொழிபெயர்ப்பு தரமானது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது தப்புக் கணக்கு.

4. அரசு உறுதிப்படுத்தல். ஆவணத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று வெளியுறவு அமைச்சு, அதாவது புத்ராஜெயாவில் உள்ள விஸ்மா புத்ரா, சான்று தருவது. அதன்மேல் சேரும் நாட்டின் தூதரகமும் முத்திரை வைக்கும்.

நான்காவதில் ஒரு கிளைக் குழப்பம் உண்டு. இணையத்தில் தேடினால் "அப்போஸ்டில்" என்ற சொல் கட்டாயம் கண்ணில் படும். 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் ஒன்றின் ஆவணத்தை மற்றொன்று ஒரே சான்றிதழில் ஏற்றுக்கொள்ளும் முறை அது. இந்தியா 2005 முதலும் சிங்கப்பூர் 2021 முதலும் அதில் இருக்கின்றன. மலேசியா சேராத நாடு. இரு பக்கமும் உறுப்பினராக இருந்தால் மட்டுமே அப்போஸ்டில் செல்லும் என்பதால், மலேசிய ஆவணத்துக்கு அமைச்சு, தூதரகம் என்ற பழைய சங்கிலியே வழி. "அப்போஸ்டில் வாங்கித் தருகிறோம்" என்று மலேசிய ஆவணத்துக்கு யாராவது விளம்பரம் செய்தால் என்ன விற்கிறார்கள் என்று இரண்டு முறை கேட்பது நல்லது.

யார் மொழிபெயர்க்கலாம்?

நீதிமன்றத்தில் சத்தியம் செய்து பதிவான மொழிபெயர்ப்பாளர் என்ற தனிப் பதிவேடு ஜெர்மனியில் உண்டு, ஸ்பெயினிலும் அரசு நியமித்தவர்கள் உண்டு. மலேசியாவில் அப்படிப்பட்ட ஏற்பாடு கிடையாது. அந்த இடத்தைப் பெருமளவு நிரப்புவது ஐடிபிஎம் என்று அழைக்கப்படும் மலேசிய மொழிபெயர்ப்பு, நூல் கழகம். 1993-இல் தேசிய மொழிபெயர்ப்பு நிறுவனமாகத் தொடங்கி 2011-இல் இன்றைய பெயரைப் பெற்ற அரசு நிறுவனம் இது. கோலாலம்பூரின் வங்சா மாஜுவில் இயங்குகிறது. தனிநபர் ஆவணங்களை மொழிபெயர்த்துத் தன் முத்திரையோடு தருகிறது. தனியார் நிறுவனங்களும் இந்த வேலையைச் செய்கின்றன. எது போதும் என்பதைத் தீர்மானிப்பது, முன்பே சொன்னதுபோல, எதிர்முனைதான். அங்கே நாட்டுக்கு நாடு கதை மாறுகிறது.

1. பிரிட்டன். அரசு முத்திரை எதையும் உள்துறை கேட்பதில்லை. மூல ஆவணத்தின் துல்லியமான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி, மொழிபெயர்த்த தேதி, மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் சிக்கல். பெரிய நிறுவனத்தின் பளபளப்பான தாளில் தேதி மட்டும் இல்லாமல் போவது நடக்கிற காரியம்.

2. அமெரிக்கா. குடிநுழைவு விதி இரண்டு உறுதிமொழிகளைக் கேட்கிறது. மொழிபெயர்ப்பு முழுமையானது, துல்லியமானது என்பது ஒன்று. அந்த மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கத் தமக்குத் திறமை உண்டு என்று மொழிபெயர்ப்பாளர் சொல்வது மற்றொன்று. நோட்டரி பற்றி அந்த விதியில் ஒரு சொல்லும் இல்லை.

3. ஆஸ்திரேலியா. அங்கேயே மொழிபெயர்த்தால் மொழிபெயர்ப்பாளர் நாட்டி என்ற தேசிய அங்கீகார அமைப்பின் தகுதி பெற்றவராக இருக்க வேண்டும். வெளிநாட்டில் மொழிபெயர்த்தால் அந்தத் தகுதி கட்டாயமில்லை. ஆனால் பெயர், முகவரி, தொலைபேசி எண், அந்த மொழியில் உள்ள தகுதி, அனுபவம் ஆகியவற்றை மொழிபெயர்ப்பாளர் எழுதித் தர வேண்டும்.

4. கனடா. இதுவே கொஞ்சம் கறாரான நாடு. சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளராக இல்லாவிட்டால் அவர் சத்தியப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதோடு, விண்ணப்பதாரரின் சொந்தக்காரர் மொழிபெயர்க்கவே கூடாது. பெற்றோர், உடன்பிறந்தார், கணவன் மனைவி மட்டுமல்ல, தாத்தா பாட்டி, மாமா, அத்தை, சித்தப்பா, அவர்களின் பிள்ளைகள் வரை தடை நீள்கிறது. சொந்தக்காரர் வழக்கறிஞராகவோ தொழில்முறை மொழிபெயர்ப்பாளராகவோ இருந்தாலும் இதே விதிதான். நம் குடும்பங்களின் அளவைப் பார்த்தால் இந்தப் பட்டியலுக்குள் வராதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கும்.

5. சிங்கப்பூர். ஆவணத்தை வழங்கிய நாட்டின் தூதரகம் அல்லது நோட்டரி வழியாக வந்த மொழிபெயர்ப்பைக் குடிநுழைவு ஆணையம் கேட்கிறது. பிரிட்டனுக்கு வாங்கிய மொழிபெயர்ப்பை அப்படியே ஜொகூர் பாலத்துக்கு அப்பால் நீட்ட முடியாது.

6. ஜெர்மனி. திருமணப் பதிவு போன்ற காரியங்களுக்கு, ஜெர்மானிய நீதிமன்றத்தில் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளரையே அங்குள்ள அலுவலகங்கள் எதிர்பார்க்கும். கோலாலம்பூரில் ஆங்கிலத்துக்கு மாற்றி எடுத்துப் போனால் இரட்டைச் செலவு ஆகலாம்.

சொற்கள் சறுக்கும் இடங்கள்

முத்திரை சரியாக அமைந்த பிறகும் உள்ளே இருக்கும் சொற்கள் காலை வாருவதுண்டு. மலாய் ஆவணச் சொற்களில் பல, அகராதிப் பொருளை வைத்துக்கொண்டு தொட்டால் சுடும்.

"கெபுஜியான்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். "புஜி" என்றால் புகழ். அகராதியை நம்பினால் இது "பாராட்டு" ஆகிவிடும். எஸ்பிஎம் சான்றிதழில் இது ஒரு தர நிலை. பி பிளஸ் முதல் சி வரை உள்ள கிரேடுகள் கெபுஜியான் என்ற சொல்லைத் தாங்கி நிற்கின்றன, ஆங்கிலத்தில் "கிரெடிட்" என்று வர வேண்டும். அதே சொல் பட்டச் சான்றிதழில் வந்தால் பொருள் மாறி "ஹானர்ஸ்" ஆகிறது. இரண்டையும் ஒரே சொல்லால் மொழிபெயர்த்துவிட்டால், பல்கலைக்கழகச் சேர்க்கை அதிகாரிக்கு மாணவர் என்ன வாங்கினார் என்பதே விளங்காது.

"சர்ஜானா மூடா" என்பதற்குச் சொல்லுக்குச் சொல் பொருள் "இளம் அறிஞர்". உண்மையில் அது இளங்கலைப் பட்டம். "மூடா" இல்லாமல் "சர்ஜானா" மட்டும் இருந்தால் முதுகலை. ஒரு சொல்லை விட்டுவிட்டால் ஒரு பட்டமே கூடிவிடும், அதைப் போலி என்று எதிர்முனை சந்தேகிக்கவும் கூடும்.

பழைய எஸ்பிஎம் சான்றிதழ்களில் "பங்காட் சாத்து" என்று இருக்கும். பங்காட் என்றால் பதவி, நிலை. அதை "முதல் ரேங்க்" என்று எழுதினால் மாணவர் பள்ளியிலேயே முதலாவதாக வந்ததாகத் தோன்றும். சொல்ல வந்தது முதல் கிரேடு. சான்றிதழ்க்காரருக்கு இது இனிக்கலாம், சரிபார்க்கும் அதிகாரிக்குக் கசக்கும்.

"பங்சா", "கெதுருனான்" என்ற கட்டங்களில் "இந்தியா" என்று நிரப்பியிருப்பார்கள். இது இனத்தைக் குறிக்கிறது. அவசரத்தில் "நேஷனாலிட்டி" என்று மொழிபெயர்த்தால், மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் தாளில் இந்தியக் குடிமகனாகிவிடுகிறார். குடியுரிமையைச் சொல்லும் கட்டம் வேறு, அங்கே "வார்கா நெகாரா" என்று இருக்கும். இந்த இரண்டு கட்டங்களையும் நீங்களே ஒருமுறை விரல் வைத்துப் படித்துவிடுங்கள். தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பிழைதான் அதிகத் தொல்லை தரும்.

பிறந்த இடம் "லாடாங்" என்று தொடங்கும் பத்திரங்கள் நம்மிடையே ஏராளம். லாடாங் என்பது இங்கே ரப்பர், செம்பனைத் தோட்டம், அதாவது எஸ்டேட். "ஃபார்ம்" என்று மாற்றினால் தாத்தா மாட்டுப் பண்ணையில் பிறந்ததுபோல் ஆகிவிடும். ஊர்ப் பெயர்களை மொழிபெயர்க்கவே கூடாது. பூலாவ் பினாங் என்று இருந்தால் அப்படியே எழுதி, பினாங்கு என்று குறிப்பில் சேர்ப்பதே முறை.

அடுத்தது பெயர். "ஏ/எல்", "ஏ/பி" என்ற சுருக்கங்கள் "அனாக் லெலாக்கி", "அனாக் பெரெம்புவான்", அதாவது மகன், மகள் என்பதன் சுருக்கம். கடப்பிதழில் அவை அப்படியே இருப்பதால் மொழிபெயர்ப்பிலும் அப்படியே இருக்க வேண்டும், பொருளை அடிக்குறிப்பில் சொன்னால் போதும். வெளிநாட்டு இணையப் படிவங்கள் சாய்கோட்டை விழுங்கிவிடுவதும், அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்வதும் வேறு பிரச்சினை. அதைச் சரிசெய்வதாக நினைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பாளர் பெயரைத் திருப்பிப் போட்டால், ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார்.

தேதிக்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. 12 இலக்க அடையாள அட்டை எண்ணின் முதல் 6 இலக்கங்கள் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பிறந்த தேதியைத் தருகின்றன, அடுத்த 2 இலக்கங்கள் பிறந்த மாநிலத்தை. 850703-08 என்று தொடங்கினால் 1985 ஜூலை 3, பேராக். பத்திரத்தில் 03/07/1985 என்று இருந்து அது அப்படியே மொழிபெயர்ப்பிலும் போனால், அமெரிக்க அதிகாரி மார்ச் 7 என்று படிப்பார். மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள்.

திருமணமும் மணமுறிவும்

1976-ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 அன்று நடப்புக்கு வந்தது. அதன் பிறகு முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதிவது கட்டாயமானது. அதற்கு முன் கோயிலில் தாலி கட்டிய தம்பதிகள் பலரிடம் பத்திரமே இல்லை. வழக்கப்படி நடந்த அந்தத் திருமணங்களைச் சட்டம் ஏற்கிறது என்றாலும், வெளிநாட்டுத் தூதரகத்துக்குக் காட்டத் தாள் வேண்டும். மொழிபெயர்ப்பாளரைத் தேடுவதற்கு முன்பு இவர்கள் தேசியப் பதிவு இலாகாவில் காலம் கடந்த பதிவைப் பற்றிக் கேட்பதே முதல் வேலை.

மணமுறிவில் வேறொரு பொறி இருக்கிறது. உயர் நீதிமன்றம் முதலில் "டெக்ரி நிசி" தருகிறது. அது இறுதி உத்தரவல்ல. வழக்கமாக மூன்று மாதங்களுக்குப் பிறகு அதை முழுமையாக்கும் சான்றிதழ் தனியாக வருகிறது. முதல் தாளை மட்டும் மொழிபெயர்த்து அனுப்பினால், மணம் இன்னும் முறியவில்லை என்றுதான் அந்தத் தாள் சொல்லும். மறுமணம் செய்யப் போகிறவர் இரண்டையும் மொழிபெயர்க்க வேண்டும்.

எதை முதலில் செய்வது?

வரிசை தவறினால் எல்லாவற்றையும் மறுபடியும் செய்ய நேரும்.

1. எதிர்முனையின் விதியை எழுத்தில் வாங்குங்கள். மின்னஞ்சல் போதும். யார் மொழிபெயர்க்க வேண்டும், நோட்டரி வேண்டுமா, தூதரக முத்திரை வேண்டுமா என்ற மூன்று கேள்விகள்.

2. அசலைப் பாருங்கள். மங்கிய, கிழிந்த, பிளாஸ்டிக் தாள் ஒட்டிய (லேமினேட் செய்த) பத்திரமாக இருந்தால் புதிய படி எடுங்கள். படிக்க முடியாத வரியை நேர்மையான மொழிபெயர்ப்பாளர் "தெளிவாக இல்லை" என்றே எழுதுவார், எழுதவும் வேண்டும்.

3. அரசு உறுதிப்படுத்தல் தேவையென்றால், ஆவணத்தை வழங்கிய துறையின் சான்று முன்னால், விஸ்மா புத்ரா பின்னால், தூதரகம் கடைசியில். ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களிடம் பட்டச் சான்றிதழுக்கு இந்தச் சங்கிலி கேட்கப்படுவதுண்டு. பிரிட்டன், ஆஸ்திரேலியா விசாக்களுக்குப் பெரும்பாலும் இதன் தேவையே எழாது.

4. மொழிபெயர்ப்பு எப்போது என்பது சங்கிலியைப் பொறுத்தது. முத்திரைகளில் உள்ள மலாய் வாசகங்களும் மொழிபெயர்க்கப்பட வேண்டும் என்றால், முத்திரைகள் விழுந்த பிறகுதான். பின்பக்கத்து முத்திரை, ஓரக்குறிப்பு, வரிசை எண் எல்லாமே "முழுமையான" என்ற சொல்லுக்குள் அடங்கும். முன்பக்கத்தை மட்டும் மொழிபெயர்த்துத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு.

5. வரைவைக் கேளுங்கள். இறுதித் தாளில் முத்திரை விழுவதற்கு முன்பு பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் கடப்பிதழோடு ஒப்பிடுங்கள்.

இந்த ஐந்தாவது படியில்தான் பழைய பிழைகள் தலைகாட்டும். தோட்டத்து எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி இருக்கும். "இதைக் கொஞ்சம் கடப்பிதழில் உள்ளபடி போட்டுவிடுங்கள்" என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்பது வீண். அசலில் இல்லாததை எழுதினால் அவர் கொடுத்த உறுதிமொழியே பொய்யாகிவிடும். வேறுபாடு சிறியதென்றால் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று 1960-ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டத்தின் கீழ் சத்தியப் பிரமாணம் எழுதி இணைக்கலாம், எதிர்முனை அதை ஏற்றால் வேலை முடிந்தது. ஏற்காவிட்டால் தேசியப் பதிவு இலாகாவிடம் பிழை திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். திருத்திய பத்திரம் கைக்கு வந்ததும் பழைய மொழிபெயர்ப்பு குப்பைக்குத்தான். புதிய தாளுக்குப் புதிய மொழிபெயர்ப்பு, புதிய முத்திரைகள், புதிய கட்டணம். ஆகவே விசா நேர்காணலுக்குத் தேதி வாங்குவதற்கு முன்பே அலமாரியைத் திறந்து, பத்திரத்தையும் கடப்பிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.